பெரிய மகாராஜாவின் பத்தியம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யத்தை எலிகள் ஆண்டன. ராஜாவும் ஒருவர் இருந்தார். சிம்மாசனத்தில் அவர்தான் உட்காருவார். ஆனால் யாருக்குப் பதவி கொடுப்பது, யாரை விரட்டுவது என்பதையெல்லாம் எலிகள்தான் முடிவு செய்தன. அது எலிகளுக்கும் தெரியாது, ராஜாவுக்கும் தெரியாது.

ராஜாவின் தகப்பனார் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் கடைசியாகப் படுத்திருந்த அறையை ராஜா பூட்டச் சொன்னார். கட்டில், மெத்தை, பாதக்குறடு, வெற்றிலைப் பெட்டி எதையும் யாரும் தொடக் கூடாது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் கட்டிலருகே ஒரு வெள்ளித் தாம்பாளத்தில் படையல் வைக்க வேண்டும். அதிரசம், சீடை, கடலை உருண்டை, நெய்யில் பொரித்த அப்பம். காலையில் பார்த்தால் தாம்பாளம் அநேகமாகக் காலியாக இருக்கும். "அப்பா வந்து சாப்பிட்டிருக்கிறார்" என்று ராஜா கும்பிடுவார். ஆறு வருஷத்தில் அவர் முகம் கொஞ்சமாவது தெளிவது அந்த ஒரு வேளைதான். சிரிப்பதை அவர் அடியோடு விட்டுவிட்டார்.

அந்த அறையின் சாவி காரியக்காரர் திருமலைக்கொழுந்திடம் இருந்தது. அரண்மனையின் வீட்டு நிர்வாகம் முழுவதும் அவர் கையில். முதல் வருஷம் அவர், "பெரியவர் சாப்பிட்டுவிட்டார்" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் வருஷத்திலிருந்து தாம்பாளத்தில் மிஞ்சியதற்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். அதிரசம் மிஞ்சினால் சேனாபதி மேல் பெரியவருக்குக் கோபம். சீடை மிஞ்சினால் கோயில் தர்மகர்த்தா சரியில்லை. இப்படியே மூன்று மந்திரிகள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

சமையல்கட்டில் தினமும் அண்டா அண்டாவாகப் பலகாரம் செய்வார்கள். அறைக்குள் போவது ஒரு தாம்பாளம். மற்றதெல்லாம் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த திருமலைக்கொழுந்தின் வீட்டுக்குப் போகும். இது அரண்மனையில் கூட்டிப் பெருக்குகிறவள் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். தாம்பாளத்தைக் காலி செய்வது யார் என்பதும் தெரியும். சொன்னால் என்ன ஆகும்? பெரிய மகாராஜாவை எலி என்று சொன்னதாக ஆகும். அதனால் யாரும் சொல்லவில்லை.

ஆறு வருஷம் யாரும் பெருக்காத அறையில், இலவம்பஞ்சு மெத்தைக்குள், வேளை தவறாத நெய்ப் பலகாரத்தைத் தின்று வளர்ந்த எலிகள் எத்தனை இருக்கும்? அறை போதாமல் அரண்மனை முழுவதும் பரவின. ராணியின் பட்டை அரித்தன. கொலு மண்டபத்துத் திரைச்சீலை சல்லடையாகத் தொங்கியது. ஒரு நாள் தொட்டிலில் கிடந்த இளவரசனின் கால் கட்டைவிரலை ஒன்று கடித்துவிட்டது. குழந்தைக்கு எட்டு மாதம்.

ராணி ராஜாவிடம் சொன்னாள்: "அமாவாசைக்குள் இந்த வீட்டில் ஒரு எலி இருக்கக் கூடாது. இருந்தால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் அப்பா வீட்டுக்குப் போகிறேன்." அமாவாசைக்கு இருபது நாள் இருந்தது.

சபை கூடியது. எலியை யார் விரட்டுவது என்று ராஜா கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். திருமலைக்கொழுந்து மட்டும் முன்னால் வந்தார்.

"மகாராஜா, இன்று காலை பெரியவர் கடலை உருண்டையைத் தொடவே இல்லை. உட்கார்ந்தே சாப்பிடும் ஒருவர் மேல் அவருக்கு வருத்தம் என்று எனக்குப் படுகிறது."

"யார் மேல்?"

"நான் எப்படிப் பெயர் சொல்வது? ஆறு வருஷமாக மகாராஜாவை ஒரு தடவைகூடச் சிரிக்க வைக்காத விகடகவி ஒருவர் இந்தச் சபையில் இருக்கிறார்."

சாத்தையன் தூணருகே நின்றிருந்தான். ராஜாவின் தகப்பனார் காலத்திலிருந்து அவன்தான் அரண்மனை விகடகவி. ஐம்பது வயது. மெலிந்த ஆள். அழுகிறவர் முன்னால் தினமும் நின்று வேடிக்கை பேசிப் பேசி அவனுக்கு அலுத்துவிட்டிருந்தது.

ராஜா சொன்னார்: "சாத்தையா, உனக்கு இருபது நாள். எலி ஒழியாவிட்டால் அரண்மனைத் தெருவில் உனக்குக் கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லைக்கு அப்பால் போய்விடு."

"இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன மகாராஜா" என்றார் திருமலைக்கொழுந்து. "எலி பிள்ளையாருக்கு வாகனம். ஒன்றும் சாகக் கூடாது. பெரியவருக்குப் பூனை ஆகாது, அதனால் பூனை கூடாது. அவருடைய அறையைத் திறக்கவும் கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

சாத்தையன் கைகூப்பினான். "மகாராஜா, என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டு மாதம்."

ராஜா அவனைப் பார்க்கவில்லை. "என் பிள்ளைக்கும் எட்டு மாதம்தான்" என்றார்.

*

சாத்தையன் வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி பொன்னாச்சி அடுப்புக்குப் பின்னால் குனிந்து சுவர்ப் பொந்தில் பழந்துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலும் எலி இருந்தது.

"நாலு மாசமா சொல்றேன், இந்தப் பொந்தை அடைச்சுக் குடுங்கன்னு. துணியை வச்சா துணியையும் கடிச்சிடுது. அரிசிப் பானையில ஓட்டை. பேறுகாலத்துக்குன்னு எடுத்து வச்ச துணியெல்லாம் கந்தல். சபையில என்ன சொன்னாங்க?"

அவன் சொன்னான்.

பொன்னாச்சி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். பிறகு, "அரண்மனை எலியை நீங்க விரட்டப் போறீங்களா? நல்லா இருக்கு" என்றாள்.

"விரட்டப் போறதில்லை. மூட்டையைக் கட்டு, கிளம்பிடலாம். எனக்கு முடியலை பொன்னாச்சி."

உள்ளே பாயில் சாய்ந்திருந்த மகள் வள்ளத்தாய் பேசினாள். "என்னால எங்கப்பா நடக்க முடியும்? எல்லைக்குப் போக ரெண்டு நாள் வண்டிப் பாதை. கொள்ளிடம் மாதிரி ஆறு வேற குறுக்க இருக்கு. நடுவழியில வலி வந்தா?"



"முதல்ல அந்தக் கஷாயத்தைக் குடிடி" என்று பொன்னாச்சி மகளை அதட்டினாள். "நேத்து வச்சது நேத்து மாதிரியே இருக்கு."

"அம்மா, நேத்து அஞ்சு சாமான் இங்க வச்சிருந்தியே. முறுக்கு போச்சு, தேங்காய்ச் சில்லு போச்சு, வெல்லம் போச்சு, விளக்குத் திரியைக்கூடத் தின்னுடுச்சு. இந்தக் கஷாயத்தை மட்டும் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. எலியே தொடாததை நான் எப்படிக் குடிக்கிறது?"

சாத்தையன் அந்தக் கிண்ணத்தை எடுத்தான். அதைச் சுற்றித் தரையில் சிந்திக் கிடந்த மாவில் எலியின் கால்தடம் பதிந்திருந்தது. கிண்ணம் வரைக்கும் வந்து திரும்பிப் போன தடம். அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"எங்க போறீங்க?"

"வைத்தியரைப் பாக்க."

*

அரண்மனை வைத்தியர் பூவநாதர் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். பெரிய மகாராஜாவுக்குக் கடைசியாக மருந்து கொடுத்தவர் அவர்தான். சாத்தையன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கேள்விகள் கேட்டான். நான்குக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "நாளைக்குச் சபையில் கேட்டால் இதையே சொல்வீரா?" என்றான்.

"நடந்ததைத்தானே கேட்கிறீர். அதைச் சொல்வதற்கு என்ன?" என்றார் பூவநாதர்.

மறுநாள் சபையில் சாத்தையன் திருமலைக்கொழுந்தைப் பார்த்து வணங்கினான்.

"காரியக்காரரே, ஒரு சந்தேகம். பெரிய மகாராஜா தினமும் வந்து சாப்பிடுகிறார் அல்லவா?"

"ஆறு வருஷம் கழித்துக் கேட்கிறீரா விகடகவியாரே? வருகிறார், சாப்பிடுகிறார்."

"அவரேதானே? அவருக்குப் பதிலாக வேறு எவரும் இல்லையே?"

"நாக்கை அடக்கிப் பேசும்! அவரேதான். சத்தியம் செய்யட்டுமா?"

"வேண்டாம், நீங்கள் சொன்னால் போதும். வைத்தியரே, பெரிய மகாராஜா காலமானபோது என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்?"

பூவநாதர் எழுந்தார். "ஒரு மண்டல மருந்து. நாற்பத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும். முப்பதாம் நாள் காலமானார்."

"பத்தியம் உண்டா?"

"கடும் பத்தியம். இனிப்பு, நெய், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கூடாது. உப்பில்லாத கஞ்சி, வேப்பம்பட்டையும் நிலவேம்பும் கடுக்காயும் இரும்புச் சட்டியில் சுண்டக் காய்ச்சிய கஷாயம். அவ்வளவுதான்."

"பத்தியத்தை முறிக்க மாட்டேன் என்று அவர் யாருக்காவது வாக்குக் கொடுத்தாரா?"

வைத்தியர் ராஜாவின் பக்கம் திரும்பினார். ராஜாதான் சொன்னார். "எனக்கு. என் தலையில் கை வைத்து."



"மகாராஜா, காலமானவர் வராமல் இருந்தால் வாக்கும் அவரோடு போயிற்று என்று விட்டுவிடலாம். காரியக்காரர் சத்தியம் செய்கிறார், அவர் தினமும் வருகிறார் என்று. வருகிறவருக்குப் பத்தியம் பதினெட்டு நாள் பாக்கி இருக்கிறது. நாமோ ஆறு வருஷமாக நெய் அப்பத்தை வைத்து அவர் வாக்கைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்."

திருமலைக்கொழுந்து வேகமாக வந்தார். "மகாராஜா, இறந்தவருக்கு எதற்குப் பத்தியம்? அவர் என்ன உடம்போடா இருக்கிறார்?"

"உடம்பில்லாதவருக்கு அதிரசம் மட்டும் எதற்கு?" என்று கேட்டான் சாத்தையன்.

திருமலைக்கொழுந்து வாயைத் திறந்தார். பெரியவர் வரவில்லை என்று சொன்னால் சாவி போகும். வருகிறார் என்று சொன்னால் பலகாரம் போகும். வாயை மூடிக்கொண்டார்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்துவிட்டார். "இன்றிலிருந்து பதினெட்டு நாள். அப்பாவின் அறையில் கஞ்சியும் கஷாயமும் மட்டும். அவர் பத்தியத்தில் இருக்கும்போது இந்த அரண்மனையில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. தின்பண்டம் எதுவும் திறந்து கிடக்கக் கூடாது. எல்லாவற்றையும் மூடியுள்ள வெண்கலப் பாத்திரத்தில் போட்டு உறியில் தொங்க விடுங்கள்."

சாத்தையன் கேட்க நினைத்ததை அவரே உத்தரவாகப் போட்டுவிட்டார்.

*

அதன்பிறகு வேடிக்கை எதுவும் இல்லை, வேலைதான் இருந்தது. சாத்தையன் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு அரண்மனையில் ஒவ்வொரு பொந்தாகத் தேடினான். உடைந்த ஓட்டுச் சில்லைத் திணித்து அதன் மேல் சுண்ணாம்பு பூசினான். முட்டி தேய்ந்தது. கண்ணில் சுண்ணாம்பு விழுந்தது. மேற்குச் சுவரில் தண்ணீர் வெளியேறும் ஜலதாரையை மட்டும் அடைக்கவில்லை.

"இதை ஏன் விட்டுவிட்டீர்?" என்று ராணி கேட்டாள்.

"கொல்லக் கூடாது என்பது உத்தரவு அம்மா. வெளியே போகச் சொன்னால் வாசல் விட வேண்டுமே."

பெரிய மகாராஜாவின் அறை வாசலில் தினமும் காலையில் ராஜா வந்து நிற்பார். திருமலைக்கொழுந்து கதவைத் திறந்து உள்ளே போய்த் தாம்பாளத்தை எடுத்து வருவார். முதல் நாள் கஞ்சியும் கஷாயமும் வைத்தபடியே இருந்தன. இரண்டாம் நாளும் அப்படியே.

"அப்பா வரவில்லையா?" என்றார் ராஜா.

ராணி சொன்னாள்: "வராதவருக்கு எதற்குப் பூட்டிய அறை? திறந்து கூட்டிப் பெருக்கலாம். சாவிக்கும் வேலை இல்லை."

மூன்றாம் நாள் தாம்பாளம் காலியாக இருந்தது. ராஜா கும்பிட்டார். நான்காம் நாளும் காலி. ஐந்தாம் நாளும் காலி.

விஷயம் வேறொன்றுமில்லை. உப்பில்லாத கஞ்சியைப் பசி முற்றிய எலி எப்படியோ தின்றுவிடும். கஷாயத்தைத் தொடாது. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தரையில் கொட்டினால் கறுப்புக் கறை பிடிக்கும். வாசலில் ராஜா நிற்கிறார். கஷாயம் போவதற்குத் திருமலைக்கொழுந்தின் வாய் ஒன்றுதான் வழி. தினமும் ஒரு படி கஷாயத்தை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வெளியே வந்து, "திருப்தியாகச் சாப்பிட்டார்" என்பார். அப்புறம் கொல்லைப்புறம் ஓடுவார். பத்து நாளில் வயிறு ஒட்டி, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சபையில் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். பெரியவர் பத்தியத்தில் இருப்பதால் காரியக்காரருக்குப் பணிவு கூடிவிட்டது என்று ராஜா நினைத்துக்கொண்டார்.

கஞ்சியை நம்பி எலிகள் இருக்கவில்லை. எண்ணெய் வாசம் இல்லை, இனிப்பு இல்லை, பொந்து இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஜலதாரை வழியாக வெளியேறின. பதினைந்தாம் நாள் அரண்மனையில் எலிச் சத்தம் கேட்கவில்லை. ராணி தொட்டிலுக்கு மேல் கட்டியிருந்த கொசுவலைத் துணியை அவிழ்த்தாள்.

சாத்தையன் மட்டும் நிம்மதியாக இல்லை. பதினெட்டாம் நாளுக்கு அப்புறம் மறுபடி அதிரசம் வரும், மறுபடி எலி வரும். வந்தால் வீடு போகும். வள்ளத்தாய்க்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

*

பதினெட்டாம் நாள் காலை சபை நடந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரே கூச்சல். காவலனைத் தள்ளிவிட்டு ஒரு பெண்மணி உள்ளே வந்தாள். கூந்தல் அவிழ்ந்திருந்தது. புடவைத் தலைப்பில் இரண்டு ஓட்டை. திருமலைக்கொழுந்தின் மனைவி உலகம்மாள்.

"மகாராஜா காப்பாத்தணும்! எங்க வீட்டுல எலி! ஒண்ணு ரெண்டு இல்லை, படை படையா வருது! எலி விரட்டுறவர் இந்த விகடகவிதானாமே, இவரை எங்க வீட்டுக்கும் அனுப்புங்க!"

"உலகம், நீ வீட்டுக்குப் போ" என்று அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க போறது? வீட்டுல உக்கார இடம் இருக்கா? உக்கிராணத்துல இருந்த அதிரசப் பானை பதினோரு பானையும் போச்சு. சீடை போட்டு வச்சிருந்த ரெண்டு பெரிய செப்புக் குடம், அதுவும் போச்சு. ஆறு வருஷமா அரண்மனைப் பிரசாதம்னு தினமும் கூடை கூடையா வந்துச்சு. ஒரு துளி வீணாக்காம சேத்து வச்சிருந்தேன் மகாராஜா, ஒரு துளி!"

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

ராஜா மெதுவாகக் கேட்டார்: "கூடை கூடையாகவா?"

"ஆமா மகாராஜா. பெரியவர் சாப்பிட்ட மிச்சம்னு இவர் சொன்னார்."

திருமலைக்கொழுந்துக்குப் பொறுமை போய்விட்டது. வாயில் இருந்த அங்கவஸ்திரத்தை இழுத்துப் போட்டுவிட்டு, "வாயை மூடுடி!" என்று கத்தினார்.

அவருடைய நாக்கு மை போலக் கறுப்பாக இருந்தது. பல்லும் கறுப்பு.

ராஜா அதைப் பார்த்தார். தன் தகப்பனாரின் கடைசி மாதம் அவருக்கு நினைவு வந்தது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்த அந்தக் கஷாயம் குடித்தவர் நாக்கைக் கறுப்பாக்கிவிடும். பெரியவர் அதற்கு வெட்கப்பட்டு, மகன் பக்கத்தில் வந்தாலே துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். இதுவும் சாத்தையன் வைத்தியரிடம் கேட்டு வைத்திருந்த நான்கில் ஒன்று.

"காரியக்காரரே, இன்னும் ஒருமுறை வாயைத் திறவும்" என்றார் ராஜா.

அவர் திறந்தார். வேறு வழியில்லை.

ராஜா வெகுநேரம் பார்த்தார். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறார் என்று எல்லோரும் பயந்தார்கள். பிறகு சத்தம் வெளியே வந்தது. சிரிப்பு. ஆறு வருஷமாக உள்ளே கிடந்த சிரிப்பு, துருப்பிடித்த கதவு மாதிரி கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அது எதற்கான தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

"சாத்தையா" என்றார் மூச்சு வாங்கியபடி. "உனக்கு எல்லாம் தெரியும்."

"எல்லோருக்கும் தெரியும் மகாராஜா."

"எனக்கும் தெரியும். முதல் வருஷமே ஒரு நாள் தாம்பாளத்தில் எலிப் புழுக்கையைப் பார்த்தேன். ஏலக்காய் விதை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது." அவர் மறுபடி சிரித்தார். இந்தத் தடவை சபையும் சிரித்தது. உலகம்மாளுக்கு எதுவும் புரியவில்லை, அவளும் சிரித்தாள்.

சாவியை ராஜா வாங்கிக்கொண்டார். அன்றே அறையைத் திறந்து மெத்தையை எரித்தார்கள். திருமலைக்கொழுந்தைச் சிறையில் போடவில்லை. அவருடைய வீட்டு எலிகளை, ஒன்றைக்கூடக் கொல்லாமல், பூனை வைக்காமல், இருபது நாளில் அவரே விரட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா சாத்தையனிடம். "கிராமம் வேண்டுமா? பல்லக்கு வேண்டுமா?"

"ஒரு கொத்தனாரும் ஒரு கூடைச் சுண்ணாம்பும் வேண்டும் மகாராஜா. பத்து நாள் ஓய்வும் வேண்டும். என் வீட்டு அடுப்புக்குப் பின்னால் ஒரு பொந்து இருக்கிறது. நாலு மாதமாக அடைக்கச் சொல்கிறாள்."

"அரண்மனைப் பொந்தையெல்லாம் நீதானே அடைத்தாய்?"

"அது உத்தரவு. வீட்டு வேலை வேறு."

ராஜாவுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. கொத்தனாரையும் சுண்ணாம்பையும் கொடுத்தார். பத்து நாளை ஒரு மாதமாக்கினார். அரண்மனைத் தெரு வீட்டை இனி யாரும் காலி செய்யச் சொல்ல முடியாதபடி சாத்தையன் பேரிலேயே எழுதிக் கொடுத்தார். கைநிறையப் பொன்னும் கொடுத்தார். பொன்னாச்சி பொன்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்து வைத்தாள். கொத்தனாரைப் பார்த்ததும்தான் அவள் முகம் மலர்ந்தது.

பொந்தை அடைத்த நான்காம் நாள் வள்ளத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. எலி கடிக்காத துணியில் சுற்றிப் படுக்க வைத்தார்கள். சாத்தையன் குழந்தையை ஒரு தடவை பார்த்தான், பாயை விரித்தான், பட்டப்பகலில் படுத்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நாலு நாளா எங்க வீட்டுல ஒரே எலி. எங்கேயிருந்துதான் வருதோ தெரியலை. அண்ணனைக் கொஞ்சம் எழுப்புங்களேன்."

பொன்னாச்சி புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். வாய் திறந்தபடி, ஆறு வருஷத் தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அவரா?" என்றாள். "அவர் பத்தியத்துல இருக்கார். ஒரு மாசத்துக்கு எழுப்பக் கூடாது."